பிஸ்டல் கைக்குப் பொருந்துவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏர் பிஸ்டல் கற்றுக்கொள்ள வருபவர்களும், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வரும் பெற்றோரும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே எழுதியிருக்கிறேன். 10 மீட்டர் ஏர் பிஸ்டல் போட்டியை மனதில் வைத்தே பதில் சொல்கிறேன். காவல்துறை, ராணுவப் பிஸ்டல்கள் பற்றிய கேள்விகளும் வருவதால் அவற்றுக்கும் சிறிது இடம் கொடுத்திருக்கிறேன்.

நண்பர் ஒரு பிஸ்டலில் அருமையாகச் சுடுகிறார். அதே பிஸ்டல் என் கைக்கு வந்தால் குறி தாறுமாறாகப் போகிறது. பயிற்சிக் குறைவுதானா?

பயிற்சியும் ஒரு காரணம்தான். ஆனால் முதல் நாளிலேயே "எனக்குத் திறமை இல்லை" என்று முடிவுகட்டிக்கொண்டு போனவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் பாதிப் பேருக்காவது கையில் கொடுக்கப்பட்ட பிஸ்டல்தான் பொருந்தவில்லை.

வாசலில் கழற்றிப்போட்ட செருப்புகளில் உங்கள் அளவே உள்ள வேறொருவர் செருப்பில் காலை நுழைத்துப் பாருங்கள். அளவு ஒன்றாக இருந்தும் கால் சரியாக உட்காராது. கையும் அப்படித்தான். ஒரே நீளமுள்ள இரண்டு கைகளில் ஒன்றுக்கு உள்ளங்கை அகலமாக இருக்கும், மற்றதற்கு விரல்கள் நீளமாக இருக்கும். கட்டை விரலின் அடிச்சதை ஒருவருக்கு மேடு தட்டியிருக்கும், இன்னொருவருக்குத் தட்டையாக இருக்கும். மணிக்கட்டு எவ்வளவு கீழே வளையும், தோள் எவ்வளவு உயரம், கழுத்தை எவ்வளவு திருப்ப முடியும் என்பவையும் ஆளுக்கு ஆள் மாறும். இத்தனையும் சேர்ந்துதான் பிஸ்டல் எங்கே பார்க்கிறது என்பதைத் தீர்மானிக்கின்றன.

"கை இயல்பாகக் காட்டும் திசை" என்கிறீர்களே, அது என்ன?

உட்கார்ந்த இடத்திலிருந்து சுவர்க் கடிகாரத்தைப் பாருங்கள். கண்ணை மூடி, ஆள்காட்டி விரலால் அதைச் சுட்டிக் காட்டுங்கள். கண்ணைத் திறந்தால் விரல் ஏறக்குறைய அங்கேயே இருக்கும். சிறு வயதிலிருந்து உடம்பு பழகிய வேலை இது.

விரலுக்குப் பதில் பிஸ்டலைக் கொடுத்தால் நடுவில் ஒரு பொருள் வந்துவிடுகிறது. அதன் கிரிப் (கைப்பிடி) உங்கள் கைக்குச் சரியாக அமைந்தால், கை எங்கே காட்டுகிறதோ அங்கே குழலும் காட்டும். அமையாவிட்டால் கை ஒரு பக்கமும் குழல் ஒரு பக்கமும் நிற்கும். அப்போது மணிக்கட்டை முறுக்கி நேராக்குவீர்கள். அந்த முறுக்கு ஒரு சுடுதலுக்குத் தாங்கும். 75 நிமிடத்தில் 60 சுடுதல் என்ற ஆண், பெண் தகுதிச் சுற்றுக்குத் தாங்காது. நாற்பதாவது சுடுதலுக்கு மேல் தசை களைத்து, கை தன் பழைய இடத்துக்கே திரும்பிப் போகும். மதிப்பெண் பட்டியலில் கடைசி இரண்டு வரிசை மட்டும் சரிந்திருப்பதைப் பார்த்தால் நான் முதலில் கேட்பது கிரிப்பைப் பற்றித்தான்.

என் பிஸ்டல் பொருந்துகிறதா என்று நானே எப்படிச் சோதிப்பது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

முதலில் பாதுகாப்பு. பிஸ்டலில் பெல்லட் (ஏர் பிஸ்டலின் குண்டு) இல்லை என்பதை நீங்களும் பயிற்சியாளரும் தனித்தனியே பார்த்து உறுதிசெய்ய வேண்டும். சோதனையைச் சுடும் கோட்டில் நின்றுதான் செய்ய வேண்டும், குழல் இலக்கின் பக்கம் மட்டுமே இருக்க வேண்டும். வீட்டில் வேண்டாம்.

வழக்கம்போல் நின்று, பிஸ்டலைப் பிடித்து, இலக்கை நோக்கிக் கையை உயர்த்துங்கள். கண்களை மூடிக்கொள்ளுங்கள். கையைச் சற்று மேலே தூக்கி மெதுவாக இறக்கி, எந்த முயற்சியும் இல்லாமல் அது நிற்கும் இடத்தில் நிற்கவிடுங்கள். இரண்டு மூச்சு விட்டுவிட்டுக் கண்ணைத் திறங்கள். திறந்தவுடன் எதையும் திருத்தாதீர்கள், பாருங்கள்.

பார்க்க வேண்டியவை இரண்டு. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் இந்த விளையாட்டில் நான் காணும் மிகப் பெரிய தவறு.

ஒன்று, பிஸ்டல் முழுவதுமாக இலக்கைப் பார்க்கிறதா, பக்கத்து இலக்கைப் பார்க்கிறதா? பக்கவாட்டில் விலகியிருந்தால் அது நிற்கும் முறையின் பிழை. கையை இழுத்து நேராக்கக் கூடாது. முன்காலை ஊன்றிக்கொண்டு பின்காலை நகர்த்தி உடம்பையே திருப்ப வேண்டும். வலக்கைக்காரருக்குப் பிஸ்டல் இடப்பக்கம் போயிருந்தால் பின்காலைக் கால்விரல்கள் பார்க்கும் பக்கமாகச் சிறிது நகர்த்தினால் போதும், வலப்பக்கம் போயிருந்தால் குதிகால் பக்கமாக. பிறகு கண்ணை மூடி மறுபடி சோதியுங்கள்.

இரண்டு, குழலின் மேல் குறிபார்க்க இருக்கும் இரண்டு சைட்டுகளில், பின் சைட்டின் பள்ளத்துக்குள் முன் சைட் நடுவில் நிற்கிறதா? இருபுறமும் வெளிச்சம் சமமாகத் தெரிகிறதா, மேல்விளிம்புகள் ஒரே மட்டமா? முன் சைட் ஒரு பக்கம் ஒதுங்கியோ, உயர்ந்தோ, பள்ளத்துக்குள் மூழ்கியோ இருந்தால் காலை எவ்வளவு நகர்த்தினாலும் பயன் இல்லை. அது கிரிப்பின் பிழை, அல்லது கிரிப்பை நீங்கள் பிடித்த விதத்தின் பிழை. பிஸ்டலை மேசையில் வைத்துவிட்டுப் புதிதாகப் பிடித்துப் பத்து முறை சோதியுங்கள். பத்து முறையும் பத்து விதமாக வந்தால் பிடிப்பதில் ஒழுங்கு வரவில்லை. பத்து முறையும் ஒரே பக்கம் ஒதுங்கினால் கிரிப்பைத் திருத்த வேண்டும்.

முன் சைட் கொஞ்சம் ஒதுங்கினால் என்ன? கை ஆடுவதுதானே பெரிய பிரச்சினை?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடையே 330 மி.மீ. தூரம் என்று வைத்துக்கொள்வோம். முன் சைட் 1 மி.மீ. ஒதுங்கினால், 10 மீட்டர் தொலைவில் அது ஏறக்குறைய 30 மி.மீ. விலகலாகிறது. பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 11.5 மி.மீ., கறுப்பு வட்டம் முழுவதும் 59.5 மி.மீ. நடுவிலிருந்து 30 மி.மீ. விலகினால் கிடைப்பது ஏழு.

இப்போது சைட்டுகள் இரண்டும் நேராக இருக்க, கை மொத்தமாக 10 மி.மீ. பக்கவாட்டில் ஆடியதாக வைத்துக்கொள்ளுங்கள். இலக்கிலும் அதே 10 மி.மீ.தான் விலகும். கிடைப்பது ஒன்பது. கண்ணுக்குத் தெரியும் பெரிய ஆட்டத்துக்கு ஒரு புள்ளி போகிறது. கண்ணுக்குத் தெரியாத 1 மி.மீ. பிசகுக்கு மூன்று புள்ளி போகிறது. கை ஆடுகிறதே என்று கவலைப்படும் பிள்ளைகளிடம் இந்தக் கணக்கைத்தான் சுவரில் எழுதிக் காட்டுகிறேன்.

கிரிப்பில் எந்தெந்த இடங்களைக் கவனிக்க வேண்டும்?

மேலிருந்து தொடங்குவோம். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உள்ள கவை, பிஸ்டலின் பின்பக்க வளைவில் இடைவெளியே இல்லாமல் ஆழமாக உட்கார வேண்டும். கவை கீழே நழுவி உட்கார்ந்தால், டிரிகரை அழுத்தும்போது குழல் மேலும் கீழும் அசைய இடம் கிடைத்துவிடும்.

உள்ளங்கையின் அடியில் ஒரு தட்டு இருக்கும், மேலும் கீழும் நகர்த்தலாம். அதைக் கையோடு ஒட்டும் அளவுக்கு உயர்த்துங்கள், நெருக்கும் அளவுக்கு வேண்டாம். இறுக்கி வைத்தால் முதலில் உறுதியாகத் தோன்றும். இருபது நிமிடத்தில் சுண்டுவிரல் மரத்துப்போகும்.

நடுவிரலும் மோதிர விரலும்தான் உண்மையில் பிஸ்டலைத் தாங்குகின்றன. அவை நேராகப் பின்னோக்கி அழுத்த வேண்டும். கட்டை விரலுக்கு வேலை இல்லை, சும்மா கிடந்தால் போதும்.

பிறகு ஆள்காட்டி விரல். முதல் கணுவுக்கு முன்னால் உள்ள சதைப்பகுதி டிரிகரின் மேல் பட வேண்டும். விரலின் மற்ற பகுதி கிரிப்பின் மரத்தை எங்கும் உரசக் கூடாது. விரலுக்கும் மரத்துக்கும் இடையே ஒரு தபால் அட்டையைச் செருகி இழுத்துப் பாருங்கள், தடங்கல் இல்லாமல் வர வேண்டும்.

எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் குண்டுகள் தொடர்ந்து இடப்பக்கமே போய்க்கொண்டிருந்தன. வலக்கைக்காரி. மூன்று வாரம் "டிரிகரை நேராக இழு, நேராக இழு" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். ஒரு நாள் அவள் பக்கத்தில் மண்டியிட்டு அந்த விரலை மட்டும் பார்த்தேன். நகத்தின் ஓரம்தான் டிரிகரில் பட்டுக்கொண்டிருந்தது. கிரிப் நடுத்தர அளவு. அவள் கைக்கு அது பெரியது. எட்டாத விரலால் இழுக்க முடியாமல் ஒவ்வொரு முறையும் டிரிகரைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டிருந்தாள். டிரிகரின் திருகைத் தளர்த்தி 3 மி.மீ. பின்னுக்கு நகர்த்தினேன், சிறிய அளவு கிரிப் மாற்றினோம். அன்றே குண்டுகள் நடுவுக்கு வந்துவிட்டன. அந்த மூன்று வாரம் அந்தப் பிள்ளை தன்னையே குறை சொல்லிக்கொண்டிருந்தாள் என்பதை நினைத்தால் இப்போதும் எனக்கு வருத்தமாக இருக்கிறது. அதற்குப் பிறகு யார் புதிதாக வந்தாலும் முதலில் அந்த விரலைப் பார்க்காமல் நான் வாய் திறப்பதில்லை.

கிரிப்பை நானே செதுக்கலாமா?

செதுக்கலாம். மர கிரிப் தயாரிக்கப்படுவதே அதற்காகத்தான். உலக அளவில் ஆடுபவர்களின் கிரிப்புகளைப் பக்கத்தில் பார்த்தால் அரத்தின் தடமும் புட்டி ஒட்டிய திட்டுகளும் நிறையவே தெரியும்.

செதுக்குவதற்கு முன் கிரிப்பைப் பிஸ்டலிலிருந்து கழற்றிவிடுங்கள், மரத்தூள் இயந்திரத்துக்குள் போகக் கூடாது. உள்ளங்கையில் சாக்பீஸ் தூளைப் பூசிக்கொண்டு கிரிப்பைப் பிடித்துவிட்டு எடுங்கள். தூள் ஒட்டாத இடத்தில் கை படவில்லை. அங்கே மரப்புட்டியோ எம்-சீலோ வைத்து, கெட்டிப்படும் முன் மெல்லிய பிளாஸ்டிக் தாளைப் போர்த்தி, வழக்கம்போல் பிடித்து உங்கள் கையின் அச்சைப் பதியுங்கள். அழுத்தி வலிக்கும் இடத்தில் உப்புத்தாளால் தேயுங்கள். ஒரு நாளைக்கு ஓர் இடம் மட்டும், மறுநாள் சுட்டுப் பார்த்த பிறகு அடுத்த இடம். ஆர்வத்தில் ஒரே இரவில் எல்லாவற்றையும் செதுக்கி, விலை உயர்ந்த கிரிப்பை விறகாக்கியவர்கள் உண்டு.

விதிகளையும் மறக்கக் கூடாது. ஏர் பிஸ்டல் முழுவதும் 420 x 200 x 50 மி.மீ. பெட்டிக்குள் அடங்க வேண்டும். எடை 1,500 கிராமைத் தாண்டக் கூடாது. டிரிகரின் இழுவிசை 500 கிராமுக்குக் குறையக் கூடாது. மணிக்கட்டுக்கு எந்தத் தாங்கலும் இருக்கக் கூடாது, கிரிப் கையைச் சுற்றி வளைக்கவும் கூடாது. அடித்தட்டைக் கையின் மேல் வளைந்து ஏறும்படி செதுக்கினால் ஆயுதச் சோதனை மேசையிலேயே நிறுத்திவிடுவார்கள்.

50 மீட்டர் ஃப்ரீ பிஸ்டலில் கிரிப் கையைச் சுற்றி வளைக்கத் தடை இல்லை. அங்கே கிரிப் கையுறைபோல் கையையே மூடிக்கொள்ளும், கைப்பொருத்தத்தின் உச்சம் என்றால் அதுதான். 2014 இஞ்சியோன் ஆசிய விளையாட்டில் ஜிது ராய் தங்கம் வென்ற பிரிவு அது. 2016 ரியோவோடு ஒலிம்பிக்கிலிருந்து அதை நீக்கிவிட்டார்கள். எனக்கு இன்னும் அந்தக் குறை உண்டு.

நான் வலக்கைக்காரர், ஆனால் இடக்கண்தான் வலுவானது. என்ன செய்வது?

முதலில் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். இரண்டு கைகளையும் நீட்டி, விரல்களுக்கு நடுவே ஒரு சிறு துளை அமைத்து, தொலைவில் உள்ள மின்விளக்கை அதன் வழியாகப் பாருங்கள். ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண் திறந்திருக்கும்போது விளக்கு தெரிகிறதோ அதுவே உங்கள் வலுவான கண்.

ரைஃபிளைவிட பிஸ்டலில் இது எளிதில் தீரும். தலையைச் சற்றுத் திருப்பி, நிற்கும் கோணத்தை மாற்றினால் இடக்கண்ணின் முன் சைட்டுகள் வந்துவிடும். அப்போது கிரிப்பும் சிறிது திரும்ப வேண்டியிருக்கும், கண்ணை மூடிச் செய்யும் சோதனையை மறுபடி முதலிலிருந்து செய்யுங்கள். கழுத்து வலிக்குமானால் வலக்கண்ணால் பழகிக்கொண்டு, இடக்கண்ணுக்கு முன்னால் 30 மி.மீ. அகலத்துக்கு மிகாத மறைப்பு வைக்க விதி இடம் தருகிறது. சிறு பிள்ளைகளாக இருந்தால் இடக்கையிலேயே தொடங்கச் சொல்வேன்.

கையை மாற்றினால் எல்லாம் போய்விடும் என்று அஞ்ச வேண்டாம். ஹங்கேரி ராணுவ வீரர் கரோலி டகாச் வலக்கையால் சுடுவதில் பெயர் பெற்றிருந்தவர். 1938-இல் பயிற்சியின்போது கையெறி குண்டு வெடித்து அந்தக் கை சிதைந்தது. அவர் இடக்கையால் பழகி, 1948 லண்டனிலும் 1952 ஹெல்சிங்கியிலும் ரேபிட் ஃபயர் பிஸ்டலில் ஒலிம்பிக் தங்கம் வென்றார்.

க்ளாக் பிஸ்டல் "மேலே பார்க்கிறது", கோல்ட் 1911 "நேராகப் பார்க்கிறது" என்கிறார்களே?

இரண்டு பிஸ்டல்களிலும் குழலுக்கும் கிரிப்புக்கும் இடையே உள்ள சாய்வு வேறு. 1982-இல் ஆஸ்திரிய ராணுவம் ஏற்றுக்கொண்ட க்ளாக் 17-இன் கிரிப், கோல்ட் 1911-ஐவிடச் சாய்ந்தது. ஜெர்மானிய லூகர் அதைவிடவும் சாய்ந்தது. ஒரு கையை நேராக நீட்டி, மணிக்கட்டை இறுக்கிக் கீழே வளைத்துப் பிடிப்பவருக்குச் சாய்ந்த கிரிப் இதமாக இருக்கும். மணிக்கட்டை அவ்வளவு வளைக்காதவர் அதே பிஸ்டலை உயர்த்தினால் குழல் மேலே நிற்கும்.

இதில் எலும்புக்கு எவ்வளவு பங்கோ பழக்கத்துக்கும் அவ்வளவு பங்கு உண்டு என்பது என் கருத்து. பல ஆண்டுகள் 1911 சுட்டவருக்கு க்ளாக் மேலே பார்ப்பதாகத் தோன்றும். க்ளாக்கிலேயே தொடங்கியவருக்கு 1911 மூக்கைத் தொங்கவிடுவதாகத் தோன்றும். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. பிஸ்டலை மாற்றி ஒழுங்காகப் பயிற்சி செய்தால் சில வாரங்களில் கை புதிய சாய்வைக் கற்றுக்கொள்கிறது. எட்டாத டிரிகரையோ கையில் அடங்காத கிரிப்பையோ அப்படிப் பழகிக்கொள்ள முடியாது. விரல் வளரப்போவதில்லை.

1911-இன் வரலாற்றிலேயே இதற்குச் சான்று இருக்கிறது. முதல் உலகப் போருக்குப் பிறகு 1920-களில் அமெரிக்க ராணுவம் அதைத் திருத்தி 1911ஏ1 ஆக்கியபோது, கிரிப்பின் பின்பக்கக் கீழ்ப்பகுதியை வளைவாக மாற்றியது, டிரிகரைக் குட்டையாக்கியது. குழல் தாழ்ந்து நிற்பதைத் தூக்கிக் கொடுக்க அந்த வளைவு, சிறிய கைகளுக்கு எட்ட அந்தக் குட்டை டிரிகர்.

காவல்துறையில் கொடுக்கும் பிஸ்டலைச் செதுக்க முடியாது. நாங்கள் என்ன செய்ய?

உண்மைதான். இஷாபூரில் தயாராகும் 9 மி.மீ. 1ஏ பிஸ்டல் எல்லார் கைக்கும் ஒரே கிரிப்போடுதான் வருகிறது. உலகெங்கும் வெகுகாலம் இதுவே நிலைமை. 1985-இல் அமெரிக்க ராணுவம் எடுத்துக்கொண்ட பெரெட்டா எம்9 சிறிய கைகளுக்குப் பருமனாக இருக்கிறது என்ற குறை கடைசிவரை இருந்தது. 2017 முதல் அதற்குப் பதிலாக வந்த எம்17, சிறியது, நடுத்தரம், பெரியது என்று மூன்று அளவு கிரிப்போடு வருகிறது. பெண் காவலர்கள் இவ்வளவு பேர் பணியாற்றும் நம் ஊரிலும் கொள்முதல் செய்பவர்கள் இதை முதல் நிபந்தனையாக வைக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

அதுவரை உங்கள் கையில் இருப்பது பிடிக்கும் முறை மட்டும்தான். கவையை முடிந்தவரை உயரத்தில் உட்காரவையுங்கள். விரல் எட்டாவிட்டால் கையைச் சற்றுச் சுற்றிப் பிடிப்பதைவிட வேறு வழி இருக்காது. அப்போது பின்னதிர்வு கட்டை விரல் கணுவில் விழும் என்பதால், துணைக்கையின் அழுத்தத்தை அதிகமாக்கி அதைத் தாங்கிக்கொள்ளுங்கள்.

2024 பாரிஸில் துருக்கி வீரர் கையைப் பைக்குள் விட்டுக்கொண்டு சாதாரணமாக நின்று பதக்கம் வாங்கினாரே? கருவியெல்லாம் தேவையில்லை என்றுதானே அர்த்தம்?

யூசுஃப் டிகெச், 10 மீட்டர் ஏர் பிஸ்டல் கலப்பு அணியில் வெள்ளி. கண்ணுக்கு மறைப்பு இல்லை, சிறப்புக் கண்ணாடி இல்லை. சுடாத கையைப் பையில் விடுவது இந்தப் பிரிவில் எல்லாரும் செய்வது. தொங்கும் கை ஆடினால் உடம்பும் ஆடும் என்பதால் பையிலோ இடுப்பு வாரிலோ அதை நிறுத்திவைக்கிறார்கள். அதே போட்டியில் சரப்ஜோத் சிங்கோடு சேர்ந்து வெண்கலம் வென்ற மனு பாக்கர் நிற்பதையும் பாருங்கள். டிகெச்சின் அந்தப் புகைப்படத்தில் எல்லாரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள், நீங்கள் அவர் கையைப் பாருங்கள். பிஸ்டல் கையோடு எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்பது தெரியும்.

காலையில் கச்சிதமாக இருந்த கிரிப் மதியம் இறுக்குகிறது. கற்பனையா?

இல்லை. வெயிலில் கை வீங்குகிறது, வியர்வையில் வழுக்குகிறது. மே மாதம் சென்னையில் செதுக்கிய கிரிப், குளிரூட்டப்பட்ட போட்டி அரங்கில் தளர்ந்து தெரியும். செதுக்கும் வேலையைக் காலை, அதுவும் கை கழுவித் துடைத்து அரை மணி நேரம் ஆன பிறகு வைத்துக்கொள்ளுங்கள். அடித்தட்டு நிற்கும் இடத்தைப் பென்சிலால் குறித்துவையுங்கள். அரங்கத்துக்கு ஏற்ப அதைக் கால் மி.மீ. ஏற்றி இறக்கலாம், குறி இருந்தால் பழைய இடத்துக்குத் திரும்பிவிடலாம்.

கிளப் பிஸ்டலில் பலர் சுடுகிறோம். எனக்கென்று செதுக்க முடியாதே?

செதுக்க வேண்டாம். டிரிகரின் இடம், அடித்தட்டின் உயரம் இரண்டையும் ஒவ்வொரு முறையும் உங்களுக்கு ஏற்ப மாற்ற அனுமதி கேளுங்கள். ஒரு நிமிட வேலை. மாற்றிய அளவுகளை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். கொஞ்சம் பணம் சேர்ந்தால் முழுப் பிஸ்டலுக்கு முன் தனி கிரிப் மட்டும் வாங்கலாம், திருகு ஒன்றைக் கழற்றி மாட்டிக்கொண்டு சுட்டுவிட்டுத் திரும்ப எடுத்துவிடலாம்.

சொந்தப் பிஸ்டல் வாங்கப்போகிறேன். எந்த நிறுவனம் நல்லது?

ஸ்டையர், மொரினி, வால்தர், ஃபைன்வெர்க்பாவ், பார்தினி எல்லாமே உங்களைவிட நன்றாகச் சுடக்கூடியவை. நிறுவனத்தை விட்டுவிட்டு அளவைப் பாருங்கள். வெள்ளைத் தாளில் உங்கள் கையை வைத்து, விரல்களை இயல்பாக விரித்து, பென்சிலால் சுற்றி வரையுங்கள். நடுவிரல் நுனியிலிருந்து மணிக்கட்டின் முதல் ரேகைவரை நீளத்தையும், கட்டை விரலைச் சேர்க்காமல் உள்ளங்கையின் அகலத்தையும் எழுதுங்கள். இரண்டு அளவுகளுக்கு நடுவே விழுந்தால் சிறியதை வாங்குங்கள், புட்டி வைத்துப் பெருக்கிக்கொள்ளலாம். வளரும் பிள்ளையாக இருந்தால் அடுத்த ஆண்டு கிரிப் மட்டும் தனியாக மாற்றக் கிடைக்குமா என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். எடையையும் கையில் தூக்கிப் பாருங்கள். இவற்றில் பெரும்பாலானவை ஒரு கிலோ அளவில் இருக்கும், பன்னிரண்டு வயதுத் தோளுக்கு அது அதிகம். இளையோருக்கான குட்டைக் குழல் மாடல்களும் விற்பனைக்கு உண்டு.

முடிந்தால் வாங்கும் முன் ஒருவரிடம் இரவல் கேட்டு, கண்ணை மூடி அந்தப் பத்து முறை சோதனையைச் செய்துவிடுங்கள். முன் சைட் பத்தில் ஏழெட்டு முறை நடுவில் நின்றால், அதை வாங்குங்கள்.